ஆக்ஸ்லி ரோட்டுச் சாப்பாட்டு மேசை

தேசிய மரபுடைமைக் கழகத்தாருக்கு,

வணக்கம். தோ பாயோவில் வளர்ந்தவன் நான், ஒரு தபால்காரரின் மகன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுச் சில வருடங்கள் ஆகின்றன. சிங்கப்பூரின் முதல் பிரதமர் லீ குவான் இயூ வாழ்ந்த ஆக்ஸ்லி ரோடு 38ஆம் எண் வீட்டைப் பற்றி உங்களிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக் கதையிலிருந்து ஆரம்பித்தால்தான் எனக்குச் சொல்ல வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தைப்பூசத்துக்குப் பொது விடுமுறை இல்லை என்று ஆனது 1968இல். அதற்குப் பிறகும் அப்பா லீவு போட்டுவிட்டு எங்களை டேங்க் ரோடு முருகன் கோயிலுக்குக் கூட்டிப்போவார். பால்குடம் இறக்கி, சாமி கும்பிட்டு, அன்னதானத்தில் சாப்பிட்டுக் கை கழுவியதும், "வாங்க, லாயர் வீட்டுப் பக்கம் ஒரு நடை போயிட்டு வந்துடலாம்" என்பார். லாயர் என்றால் லீ குவான் இயூ. அவர் பிரதமராகிப் பதினைந்து வருடம் ஆகியும் அப்பாவுக்கு அவர் லாயர்தான். 1952 மே மாதத் தபால்காரர் வேலைநிறுத்தத்தில் சங்கத்துக்குச் சட்ட ஆலோசகராக நின்றவர் அவர். அப்போது அப்பாவுக்கு இருபத்திரண்டு வயது. "நமக்காகப் பேச ஒரு ஆள் வந்தாரு" என்று அவர் சொல்லும்போது குரல் கொஞ்சம் மாறும்.

கோயிலிலிருந்து கொஞ்ச தூரம்தான் அந்த ரோடு. கூர்க்கா காவலர்கள் நிற்பார்கள். அப்பா வாசலுக்கு நேரே நிற்கமாட்டார், எட்டிப் பார்க்கவும் மாட்டார், நடையை மட்டும் மெதுவாக்குவார். பிரகாரம் சுற்றும்போது சன்னிதிக்கு நேரே வந்தால் எப்படி நடப்பாரோ, அதே நடை.

ஒரு வருடம் சித்தப்பாவும் கூட வந்தார். ரோடு திரும்பும் முனைவரை வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார். "நீங்க போயிட்டு வாங்கண்ணே. நான் இங்க ஒரு சிகரெட் பிடிச்சிட்டு நிக்கிறேன்." அப்பா ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் திரும்பி வந்தபோது சித்தப்பாவின் காலடியில் மூன்று சிகரெட் துண்டுகள் கிடந்தன.

சித்தப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர், தீவிரமான சங்கத்துக்காரர். 1963 பிப்ரவரி 2ஆம் தேதி விடிவதற்குள் கோல்ட்ஸ்டோர் நடவடிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்களே, அதில் அவருடைய கூட்டாளிகள் சிலரும் இருந்தார்கள். அவரைப் பிடிக்கவில்லை. தன்னை மட்டும் விட்டுவிட்டார்கள் என்பது கடைசிவரை அவருக்கு உறுத்தலாகவே இருந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

2025 நவம்பர் 3ஆம் தேதி நீங்களும் நில ஆணையமும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையைப் படித்தேன். வீட்டைத் தேசிய நினைவுச் சின்னமாகப் பாதுகாக்க எண்ணம், நிலத்தை அரசாங்கம் எடுத்துக்கொள்ளும், அங்கே மரபுடைமைப் பூங்கா அமைப்பது பற்றியும் யோசிக்கப்படும் என்று சொல்லியிருந்தீர்கள். குடும்பத்தார் வாழ்ந்த தனிப்பட்ட அறைகளின் சுவடே தெரியாமல் அகற்றிவிடுவீர்கள் என்றும் அதில் இருந்தது. சரி, அது நல்ல முடிவு. தாழியிலிருந்து தண்ணீர் மொண்டு குளிக்கிற பழைய குளியலறைதான் பிரதமர் வீட்டில் இருந்தது என்று படித்து நானும் வாய் பிளந்தவன்தான். அதற்காக அந்தக் குளியலறையைப் பார்க்க டிக்கெட் வாங்கி வரிசையில் நிற்க வேண்டுமா என்ன?

அப்படியென்றால் மிஞ்சப்போவது தரைக்குக் கீழே இருக்கிற சாப்பாட்டு அறைதான். என் மடலும் அந்த அறையைப் பற்றித்தான்.

1890களில் கட்டிய பங்களா அது. லீ குடும்பம் ஜப்பானியர் காலம் முடிந்த கையோடு குடிவந்தது. 1954இல் சனிக்கிழமை பிற்பகல்களில் அந்தக் கீழறையில்தான் கூடிப் பேசினார்கள். காற்றோட்டம் இல்லாத, புழுக்கமான அறை என்று லீயே எழுதியிருக்கிறார். கோ கெங் சுவீ, டோ சின் சாய், எஸ். ராஜரத்தினம், கே.எம். பைர்ன், சமது இஸ்மாயில், தேவன் நாயர் என்று ஒரு சிறு கூட்டம். அதே வருடம் லிம் சின் சியோங்கும் ஃபோங் சுவீ சுவானும் அந்த வீட்டுக்கு வந்தார்கள். இருவரும் சீனப் பள்ளிகளில் படித்துவிட்டுத் தொழிற்சங்கத்துக்கு வந்த இளைஞர்கள். நவம்பர் 21ஆம் தேதி விக்டோரியா நினைவு மண்டபத்தில் மக்கள் செயல் கட்சி பிறந்தது.

பள்ளிக்கூடப் புத்தகத்தில் கதை இங்கிருந்து நேரே 1959க்குத் தாவும், அப்புறம் மலேசியாவிலிருந்து பிரிந்த 1965 ஆகஸ்ட் 9, தொலைக்காட்சியில் லீயின் கண்ணீர், பிறகு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகள். எனக்கு அந்த மேசையை விட்டு அவ்வளவு சீக்கிரம் எழுந்திருக்க மனமில்லை. அதைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் பிறகு எங்கெங்கே போனார்கள் என்று பாருங்கள்.

லிம் சின் சியோங் 1955 தேர்தலில் புக்கிட் தீமாவில் வென்றபோது அவருக்கு 22 வயது. மறு வருடமே கைதானார். 1959இல் கட்சி 51 இடங்களில் 43ஐப் பிடித்தபோது, சிறையில் இருந்த தோழர்களை விடுதலை செய்தால்தான் பதவி ஏற்பேன் என்று லீ உறுதியாக நின்றார். விடுதலையானவர்களில் லிம் சின் சியோங் ஒருவர், தேவன் நாயர் இன்னொருவர். இரண்டு வருடத்தில் கட்சி உடைந்தது. லிம், பிரிந்துபோன இடதுசாரிகளின் பாரிசான் சோசியலிஸ் கட்சிப் பக்கம் போனார், 1963இல் மறுபடியும் உள்ளே போனார். 1969இல் வெளியே வந்து லண்டனுக்குப் போய்விட்டார். தேவன் நாயர் லீயோடு நின்று 1981இல் அதிபர் ஆனார், 1985இல் பதவி விலகினார், அதன் பிறகு மனத்தாங்கலோடு கனடாவுக்குப் போய் 2005இல் அங்கேயே காலமானார். சமது இஸ்மாயில் மலேசியாவில் பெரிய பத்திரிகை ஆசிரியரானார். 1976இல் அங்கேயும் அவரைக் காவலில் வைத்தார்கள். டோ சின் சாய் கட்சித் தலைவராக இருந்தவர், பிற்காலத்தில் நாடாளுமன்றப் பின்வரிசையிலிருந்து தன் கட்சி அரசாங்கத்தையே குடைந்தார். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்து சிரம்பானில் வளர்ந்த ராஜரத்தினம் 1966இல் நம் தேசியப் பற்றுறுதியை எழுதிக்கொடுத்தார். இன்றைக்கும் பிள்ளைகள் தினமும் காலையில் அதைத்தான் சொல்கிறார்கள்.

ஒரு மேசையிலிருந்து எழுந்து போனவர்களின் கதையே இத்தனை விதம். கோல்ட்ஸ்டோரைக் கம்யூனிஸ்ட் சதியை முறியடித்த நடவடிக்கை என்கிறது அரசாங்கம். அரசியலில் எதிர்த்து நின்றவர்களைத் தேர்தலுக்கு முன்பே அப்புறப்படுத்திய நடவடிக்கை என்கிறார்கள் உள்ளே இருந்து வந்தவர்கள். எங்கள் வீட்டில் இரண்டு கட்சியும் ஒரே சோற்றுப் பானையில் சாப்பிட்டது. தேசிய தின அணிவகுப்பு டிவியில் ஓடும்போது அப்பா முதுகை நிமிர்த்தி உட்காருவார், சித்தப்பா எழுந்து காரிடாருக்குப் போய் ரோஜாத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுவார். அந்தச் செடி தண்ணீர் அதிகமாகியே அழுகிப்போனது என்று அம்மா சொல்லிச் சிரிப்பார்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இதுதான். அந்த அறையில் ஒரு நாற்காலியை மட்டும் வெளிச்சம் போட்டுக் காட்டாதீர்கள். வெளியேறியவர்கள், வெளியேற்றப்பட்டவர்கள், கதவைச் சாத்திக்கொண்டு போனவர்கள் எல்லாருக்கும் அங்கே இடம் வேண்டும். ஓரமாக, சின்ன எழுத்தில், 'பின்னாளில் கருத்து வேறுபாட்டால் பிரிந்தனர்' என்று ஒரு வரி போட்டு முடித்துவிடாதீர்கள். லிம் சின் சியோங் சிறையில் எத்தனை வருடம் இருந்தார் என்பது, லீ எத்தனை வருடம் பிரதமராக இருந்தார் என்பது எழுதியிருக்கும் அதே சுவரில், அதே அளவு எழுத்தில் இருக்கட்டும்.

இன்னொன்று. கட்சியைத் தொடங்கிய அமைப்பாளர்கள் 14 பேர். அந்தப் பட்டியலில் ஏ.கே. கருப்பையா, எஸ். சொக்கலிங்கம் என்று இரண்டு பெயர்கள் இருக்கின்றன. நம் ஆட்களில் பத்துப் பேரை நிறுத்திக் கேளுங்கள், ஒருவருக்காவது தெரிகிறதா பார்ப்போம். இவர்கள் யார், எந்தச் சங்கத்திலிருந்து வந்தார்கள், பிறகு என்ன ஆனார்கள் என்று தேடி எழுத உங்களிடம் ஆள் இருக்கிறது, ஆவணக் காப்பகம் இருக்கிறது. அதைத் தமிழிலேயே யோசித்து எழுதச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் எழுதியதைக் கணினியில் போட்டு எடுத்து, பலகையில் மாட்டி, யாராவது படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்ட பிறகு மன்னிப்புக் கேட்கும் சடங்கு நமக்குப் புதிதில்லை. இந்த வீட்டிலாவது அது நடக்க வேண்டாம்.

சரி, வீட்டை வைப்பதே சரிதானா என்ற கேள்விக்கும் நான் பதில் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் வீட்டுக்காரரே வேண்டாம் என்றவர். 2011இல் ஒரு பேட்டியில் சொன்னார்: நேரு வீட்டைப் பார்த்திருக்கிறேன், ஷேக்ஸ்பியர் வீட்டைப் பார்த்திருக்கிறேன், ஆட்கள் நடந்து நடந்து கொஞ்ச நாளில் பாழாகிவிடுகின்றன, என் வீட்டை இடித்துவிடுங்கள். அவருக்கே உரிய கறார்க் கணக்கும் கூடவே இருந்தது. அந்த வீட்டுக்கு அஸ்திவாரம் கிடையாது, சுவரில் ஈரம் ஏறுகிறது, பராமரிக்கச் செலவு அதிகம், வீடு போனால் அக்கம்பக்கத்து நிலத்துக்கு மதிப்புக் கூடும். அதே வருடம் டிசம்பர் 27ஆம் தேதி அமைச்சரவைக்கு எழுதிய கடிதத்தில், நான் விரும்பியபடி இடிக்கக் கூடாது என்பதில் நீங்கள் எல்லாரும் ஒருமித்து இருக்கிறீர்கள், அப்படியானால் அஸ்திவாரத்தைப் பலப்படுத்திப் புதுப்பித்து வாடகைக்கு விடலாம் என்றார். 2013 டிசம்பர் 17ஆம் தேதி உயிலில் மறுபடியும் இடிக்கச் சொன்னார், மகள் அங்கே வசிக்கும்வரை விட்டுவைத்து அப்புறம். 2015 மார்ச்சில் அவர் போனார், 2024 அக்டோபரில் மகள் லீ வெய் லிங்கும் போனார். நடுவில் 2017இல் பிள்ளைகள் ஊரறியச் சண்டை போட்டு, அது நாடாளுமன்றம்வரை வந்து நின்ற கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சித்தப்பா 2015 ஏப்ரலில் இருந்தார், எண்பது வயது. அந்த விருப்பம் செய்தியில் வந்த அன்று பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: "இடிக்கச் சொல்லிட்டாராம். இது ஒண்ணுல மட்டும் நான் அந்தாளு பக்கம்." அப்பா அதற்கு ஒரு வருடம் முன்பே போய்விட்டார். இருந்திருந்தால் லாயர் பேச்சை முதன்முறையாக எதிர்த்திருப்பார்.

நான் அப்பா பக்கம்தான். ஆனால் லீ சொன்ன காரணத்தைத் தட்டிக்கழிக்க முடியவில்லை. டெல்லிக்குப் போயிருந்தபோது தீன் மூர்த்தி பவனுக்குப் போனேன். வெள்ளைக்காரன் தன் படைத் தளபதிக்குக் கட்டிய மாளிகை அது. நேரு 1948லிருந்து 1964இல் இறக்கும்வரை அங்கே இருந்தார். அந்த வருட நவம்பரிலேயே அதை அருங்காட்சியகமாக்கிவிட்டார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் தள்ளுமுள்ளாக நகர்ந்துகொண்டிருந்தார்கள். நேருவின் படுக்கையறையை எட்டி நின்று பார்த்துவிட்டு ஒரு பையன், "இவ்வளவுதானா?" என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான். லீ சொன்ன பாழ் அங்கே எனக்குப் பிடிபட்டது. தரைவிரிப்புத் தேய்வதைச் சொல்லவில்லை. ஒரு மனிதர் தூங்கின கட்டிலைக் காட்டிவிட்டு, அவர் எதற்காக யாரோடு சண்டை போட்டார் என்பதைச் சொல்லாமல் விடுகிறோமே, அந்தப் பாழ். 2022இல் அதே வளாகத்தில் எல்லாப் பிரதமர்களுக்குமாக ஒரு அருங்காட்சியகம் திறந்தார்கள், 2023இல் பெயரிலிருந்து நேருவை எடுத்துவிட்டார்கள். அது நியாயமா என்று அவர்களே இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். ஆட்சி மாறினால் வீட்டின் கதையும் மாறும் என்பதை மட்டும் குறித்துக்கொண்டேன்.

டாக்காவில் நடந்தது இன்னும் மோசம். தான்மொண்டி 32ஆம் எண் சாலையில் இருந்த வீடு. 1971 மார்ச் 26 அதிகாலை, பாகிஸ்தான் ராணுவம் பிடித்துப்போவதற்கு முன் ஷேக் முஜிப் வங்கதேசத்தின் விடுதலையை அறிவித்தது அங்கிருந்துதான். 1975 ஆகஸ்ட் 15இல் குடும்பத்தோடு அவரைச் சுட்டுக் கொன்றதும் அங்கேதான். 1994இல் அருங்காட்சியகமானது. 2024 ஆகஸ்ட் 5இல் அவர் மகள், பிரதமர் ஷேக் ஹசீனா, நாட்டை விட்டு ஓடிய அன்று கூட்டம் அதற்குத் தீ வைத்தது. 2025 பிப்ரவரியில் மண்வெட்டி இயந்திரத்தைக் கொண்டுவந்து இடித்தே போட்டார்கள். செய்தி வீடியோவைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஒரு நாட்டின் பிறந்த வீட்டை அந்த நாட்டுப் பிள்ளைகளே உடைக்கிறார்கள். செய்தது அநியாயம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஒரு வீட்டை ஒரு குடும்பத்தின், ஒரு கட்சியின் பூஜை அறையாக ஆக்கி வைத்தால், அந்தக் கட்சிமேல் வருகிற கோபம் முதலில் வந்து விழுவது அந்தச் சுவரில்தான். சிங்கப்பூரில் அப்படியெல்லாம் நடக்காது என்பீர்கள். நடக்காது. இங்கே ஆட்கள் சித்தப்பா மாதிரி முனையில் நின்றுவிட்டுப் போய்விடுவார்கள். உங்கள் வருகையாளர் கணக்கில் அது தெரியவே தெரியாது.

இந்த மாதிரிச் சிக்கல் உங்களுக்குப் புதிதும் இல்லை. கம்போங் கிளாம் அரண்மனையை எடுத்துக்கொள்ளுங்கள். 1819இல் ஆங்கிலேயர் ராஃபிள்ஸோடு ஒப்பந்தம் போட்ட சுல்தான் ஹுசைன் ஷாவின் வழிவந்தவர்கள் 1999வரை அங்கே குடியிருந்தார்கள். அவர்கள் வெளியேறிய பிறகு 2005இல் அது மலாய் மரபுடைமை நிலையமாகத் திறந்தது. ஆக்ஸ்லி ரோட்டில் இடிக்க வேண்டும் என்று அனுமதி கேட்டது குடும்பம், வைக்க வேண்டும் என்பது அரசாங்கம். கம்போங் கிளாமில் இருந்தது குடும்பம், எடுத்துக்கொண்டது அரசாங்கம். நாடு 1819இல் தொடங்கியதா, 1954இல் ஒரு சாப்பாட்டு அறையில் தொடங்கியதா, 1965இல் தொடங்கியதா என்று கேட்டால் இந்த இரண்டு வீட்டுக்காரர்களும் ஒரே பதிலைச் சொல்லமாட்டார்கள்.

2019 ஜனவரியில் சிங்கப்பூர் ஆற்றங்கரையில் ராஃபிள்ஸ் சிலைக்குப் பக்கத்தில் இன்னும் நாலு சிலைகளை வைத்தார்கள். சங் நீல உத்தமா, முன்ஷி அப்துல்லா, டான் டோக் செங், நம் நாராயண பிள்ளை. பேரப்பிள்ளைகளைக் கூட்டிப்போய் பிள்ளையவர்கள் பக்கத்தில் நிற்க வைத்துப் படம் எடுத்தேன். கொஞ்ச நாள் கழித்து மறுபடி போனால் பிள்ளையவர்களை எடுத்துவிட்டிருந்தார்கள், ராஃபிள்ஸ் பழையபடி கை கட்டி நின்றுகொண்டிருந்தார். கண்காட்சிக்காக வைத்த தற்காலிகச் சிலைகள் என்று தெரியும். இருந்தாலும் சின்னவள் "அந்தத் தாத்தா எங்க?" என்று கேட்டபோது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஆக்ஸ்லி ரோட்டில் லிம் சின் சியோங்கும் கருப்பையாவும் அந்த மாதிரி கொஞ்ச நாள் விருந்தாளிகளாக வந்துபோய்விடக் கூடாது.

லீயின் 'இடித்துவிடுங்கள்' என்ற பேச்சையும் மறைக்க வேண்டாம். கதவருகிலேயே மாட்டுங்கள். 2011 கடிதம், உயிலின் அந்தப் பத்தி, முழு வீடு, சாப்பாட்டு அறை மட்டும், இடிப்பு என்று 2018 அமைச்சர் குழு முன்வைத்த மூன்று வழிகள், பிள்ளைகளின் வாதம், நீங்கள் ஏன் அதையும் மீறி வைத்தீர்கள் என்ற உங்கள் விளக்கம், எல்லாம் இருக்கட்டும். இந்த வீட்டுக்குள் நுழைகிறவர்கள், சொந்தக்காரரின் விருப்பத்தை மீறித்தான் நுழைகிறோம் என்று தெரிந்தே நுழையட்டும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1966இல் அவருடைய அரசாங்கம் கொண்டுவந்த நிலம் கையகப்படுத்தும் சட்டத்தால் எத்தனையோ கம்பத்து வீடுகள் போயின, அந்த இடத்தில்தான் நாமெல்லாம் இன்று குடியிருக்கும் புளோக்குகள் நிற்கின்றன. அதே சட்டம் கடைசியில் அவர் வீட்டு வாசலுக்கும் வந்திருக்கிறது. சித்தப்பா இருந்திருந்தால் இதை வைத்தே ஒரு வாரம் சிரித்திருப்பார்.

பின்கட்டில் வேலையாட்கள் இருந்த பகுதி உண்டு. புழுக்கமான அந்த அறையில் நாலைந்து மணி நேரம் நாட்டைப் பற்றிப் பேசினவர்களுக்கு யாரோ தேநீர் போட்டுக் கொடுத்திருப்பார்கள், யாரோ சாம்பல் தட்டைக் கழுவி வைத்திருப்பார்கள். அவர்களைப் பற்றிய தகவல் எதுவும் கிடைத்தால் அதையும் எழுதுங்கள்.

திறக்கிற தேதியை அறிவித்தால் நான் வருவேன். தைப்பூசத்தன்று வீட்டை மூடிவைக்காதீர்கள், டேங்க் ரோட்டிலிருந்து அப்படியே நடந்து வந்துவிடலாம். கீழறைக்கு இறங்கும் படியில் ஒரு நல்ல கைப்பிடி வையுங்கள், எனக்கு முழங்கால் சரியில்லை. ரோடு திரும்பும் முனையில் ஒரு பெஞ்சும் போடுங்கள், உள்ளே வர மனமில்லாதவர்கள் உட்கார.

இப்படிக்கு,
ஒரு தபால்காரரின் மகன்